எண்ணூற்றுப் பன்னிரண்டு தப்படி

புதரைவிட்டு வெளியே வந்த முயல் சட்டென்று நின்றது. பத்துத் தப்படியில், பாறைமேல் சாய்ந்திருந்த வேட்டைத் துப்பாக்கி அதையே குறிபார்த்தது. முயலின் வளையோ எண்ணூற்றுப் பன்னிரண்டு தப்படி தள்ளி. தினமும் எண்ணி நடக்கிற முயலுக்கு அதில் சந்தேகமில்லை.

ஓடினால் முதுகில் குண்டு விழும். அதனால் பணிவாகக் கேட்டது.

“அண்ணே, இவ்வளவு நீளக் குழலை வைத்துக்கொண்டு பத்துத் தப்படியிலா சுடுவீர்கள்?”

குழலுக்குச் சுருக்கென்றது. “இருபத்தாறு அங்குலம்டா நான்! இருநூறு தப்படி தள்ளிப் போய் நில்.”

முயல் எண்ணியபடி நடந்தது. “இருநூறு, அண்ணே!”

பக்கத்தில் கிடந்த சின்னத் தோட்டா சிரித்தது. “என் வேகத்துக்கு இதெல்லாம் ஒரு தூரமா? நானூறு போகச் சொல்லு.”

“காற்றடித்தால் நீ பக்கத்து ஊருக்குப் போவாய்,” என்றது அதன் அருகில் கிடந்த கனத்த தோட்டா. “நான் அறுநூற்றிலும் நூல் பிடித்த மாதிரி போவேன். என்னைப் போடு.”

“உங்களைத் தள்ளிவிடுவதே நான்தான்,” என்று குழல் கத்தியது. “எண்ணூறு!”

எண்ணூற்றில் முயல் ஒழுங்காக நின்று குரல் கொடுத்தது. எந்தத் தோட்டாவைப் போடுவது என்ற சண்டை அங்கே இன்னும் முடியவில்லை. முயல் மீதிப் பன்னிரண்டையும் எண்ணி, வளைக்குள் போய்ப் படுத்தது.

“இன்னும் நூறு தள்ளிப் போடா!” என்று தூரத்தில் குழல் கூவியது.

“போய்க்கொண்டே இருக்கிறேன், அண்ணே,” என்று கண்ணை மூடியபடி முயல் சொன்னது.