கனிவு சாரின் சம்சாரம்

"இதுக்குப் பேர் டீயா? பாத்திரம் கழுவின தண்ணியை ஊத்திக் குடுத்துட்டு டீங்கறீங்க?"

அரங்கத்தின் மறுகோடியிலிருந்து வந்த குரலைக் கேட்டதும் கனிவு சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பிப் பார்க்கவே வேண்டாம். அது அவருடைய சம்சாரம்தான்.

கம்பெனியின் குடும்ப விழா. முதலாளி அப்போதுதான் மேடையேறி மைக்கைத் தட்டியிருந்தார். மைக் வீல் என்று ஒரு தடவை அலறியது. ரெண்டாவது வரிசையில் தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எப்போது எழுந்தாள், எப்போது அந்தக் கோடிக்குப் போனாள் என்றே அவருக்குத் தெரியவில்லை.

கனிவு சாருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. போனில் வாடிக்கையாளர் எவ்வளவு கேவலமாகத் திட்டினாலும் சிரித்த குரலில் பதில் சொல்வது எப்படி என்று ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அவர் உத்தியோகம். அப்படிப்பட்டவருக்கு வாய்த்ததோ பீரங்கி.

"வேற டீ கொண்டுவரச் சொல்றேம்மா, கொஞ்சம் மெதுவா..." என்று மேலாளர் ஓடி வந்து கெஞ்சினார்.

"எனக்கு வேற டீ வந்துடும். இதைக் குடிச்சுட்டு உக்காந்திருக்காங்களே, அவங்கல்லாம் மனுஷங்க இல்லையா?"

அரங்கமே அவள் பக்கம் திரும்பியது. முதலாளிகூடப் பேச்சை மறந்து வேடிக்கை பார்த்தார்.

"யாரு இது?"

"நம்ம கனிவு சாரோட வீட்டுக்காரம்மா."

"ஐயோ பாவம்!"

கனிவு சாருக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. பக்கத்தில் எட்டு வயது மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆட்டிசம். டாக்டர் சொல்லி நாலு வருஷம் ஆகிறது. ஆபீஸில் மட்டும் 'பொண்ணு கொஞ்சம் கூச்ச சுபாவம்' என்று சொல்லிவைத்திருந்தார்.

'பெத்தவ போடுற கூச்சல்ல குழந்தை மிரண்டுபோச்சு' என்று பல்லைக் கடித்துக்கொண்டே, மகளை அணைத்தபடி பக்கத்துக் கதவு வழியாக நழுவினார். ஒருத்தரும் கவனிக்கவில்லை. எல்லாருக்கும் டீச் சண்டை ருசியாக இருந்தது.

காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தியதுதான் தாமதம், மகள் வீறிட்டாள். சீட்டை உதைத்தாள், தலையை ஜன்னலில் முட்டப் போனாள். அவர் முன்சீட்டிலிருந்து கையைக் குறுக்கே வைத்துத் தடுத்துக்கொண்டே மனசுக்குள் பெண்டாட்டியைச் சபித்தார்.

இது முதல் தடவையா என்ன? செருப்புக் கடையில் கூட்டம் நெரித்த நாளன்று பில் போடுகிறவரோடு மல்லுக்கு நின்றாள். பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் நாற்காலி ஆடுகிறது என்று ஒரு ஆட்டம் ஆடித் தீர்த்தாள். ஒவ்வொரு தடவையும் மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே ஓடுவது அவர்தான். 'நான் ஒருத்தன் இல்லேன்னா இந்தக் குழந்தை கதி என்ன?' என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொள்வார்.

அலறல் விசும்பலாகத் தேய்ந்த பிறகுதான் பெண்டாட்டி வந்தாள். சத்தமில்லாமல் பின்கதவைத் திறந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அடங்கிட்டாளா?" கிசுகிசுப்பான குரல். பீரங்கிக்கு இப்படியும் பேச வரும்.

"என் மானம் கப்பலேறிப் போச்சு. ஒரு டீக்காக..."

மகள் அம்மா மடியில் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். மகளுக்குப் பிடிக்கிற மாதிரி, அவள் முதுகில் கையை நன்றாக அழுத்தி வைத்துக்கொண்டாள் அம்மா.

போன் அதிர்ந்தது. மேலாளர். அவர் குரல் கார் முழுக்கக் கேட்டது.

"சார், மனசைத் தேத்திக்குங்க. பொறுமையில பூமாதேவிகூட உங்ககிட்ட கடன் வாங்கணும். உங்க பொண்ணை நினைச்சாத்தான் சார் பாவமா இருக்கு. வாயே திறக்காம என்ன சமர்த்தா உக்காந்திருந்தா! அந்த அம்மாவுக்கு இப்படி ஒரு தங்கமான பொண்ணான்னு எல்லாரும் பேசிக்கிறோம்."

போனை வைத்துவிட்டுப் பின்னால் திரும்பினார்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு." அவள் முகத்தில் ஒரு சிரிப்பு. பரீட்சையில் தேறின பிள்ளை மாதிரி.

"இதுக்குச் சிரிப்பு வேறயா? வெக்கமா இல்ல உனக்கு?"

"டீயில ஒரு குறையும் இல்லைங்க" என்றாள் அவள். "மைக் அலறினதும் இவ கை காதுக்குப் போச்சு. ஆட ஆரம்பிச்சா. இன்னும் கொஞ்ச நேரத்துல வெடிச்சிடுவான்னு எனக்குத் தெரியும். அத்தனை பேரும் திரும்பி முறைச்சா இவளுக்கு இன்னும் ஜாஸ்தியாகும். நீங்க இவளை வெளியே கூட்டிட்டுப் போக நேரம் வேணும்ல?"

கனிவு சார் பின்சீட்டுப் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

மகளின் தலைமுடியை ஒதுக்கிவிட்டு அவள் சொன்னாள்:

"ஜனங்களுக்கு வேடிக்கை பார்க்க யாராவது ஒருத்தர் வேணுங்க. அது நானா இருந்துட்டுப் போறேன்."