பழைய வரைபடம்

ஒவ்வொரு பயணம் முடிந்ததும் கடல் வரைபடத்தில் கணவன் போட்ட பென்சில் கோட்டை அழித்துவைப்பது அவள் வேலை. இம்முறை அவன் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு, பழையதை அவள் தலையில் கட்டிவிட்டுக் கிளம்பினான். படகு காணாமல் போனது. தேடுவதையும் கைவிட்டார்கள்.

மறுநாளிலிருந்து பழைய வரைபடத்தில் ஒரு பென்சில் கோடு தோன்றி, நாளுக்கு நாள் தானாக நீண்டது.

“அண்ணன் நம்ம துறைமுகத்துக்குத்தான் வர்றாரு அண்ணி,” என்றான் கொழுந்தன். அவள் கணவனின் சட்டைகளைத் துவைத்து மடித்துவைத்தாள்.

இன்று காலை கோடு துறைமுகத்தை உரசிக்கொண்டு, உள்ளே திரும்பாமல் நேராகப் போயிருந்தது.

“காத்து தள்ளிட்டுப் போயிருக்கும் அண்ணி.”

“காத்து கரையைப் பார்த்துத்தான் அடிக்குது.”

அவள் ரப்பரை எடுத்தாள். நுனியில் தொடங்கி, புறப்பட்ட இடம்வரை நிதானமாக அழித்தாள்.

கையால் கூட்டித் தள்ளிய ரப்பர்த் துகள்கள் நனைந்திருந்தன.