அடைப்பு

டயாலிசிஸ் குழாயில் ரத்தம் வரவில்லை. பெரியவரின் கழுத்தோரம் பதித்திருந்த அந்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டிருந்தது. நர்ஸ் கட்டியைக் கரைக்கும் மருந்தை அதற்குள் செலுத்தி மூடினாள்.

“கொஞ்ச நேரம் ஊறட்டும். அப்புறம் இழுத்துப் பார்க்கலாம்.”

“திறந்துடும்ல, சிஸ்டர்?” என்றாள் அவர் மனைவி. இதுவும் போனால் வேறு குழாய் போட உடம்பில் இடமில்லை என்று டாக்டர் ஏற்கெனவே கைவிரித்திருந்தார்.

பெரியவர் கண்ணை மூடி ஏதோ வேண்டிக்கொண்டார்.

நேரம் ஆனதும் நர்ஸ் சிரிஞ்சைப் பொருத்தி இழுத்தாள். ரத்தம் தடையில்லாமல் வந்தது. மெஷின் ஓடத் தொடங்கியது.

“மகளுக்குச் சொல்லிட்டு வரேன்” என்று மனைவி வெளியே ஓடினாள்.

பெரியவரின் கண்ணில் நீர் வழிந்தது.

“சந்தோஷத்துல அழறீங்களா, ஐயா?”

“திறக்கக் கூடாதுன்னுதாம்மா வேண்டிக்கிட்டேன். இனி என்னால முடியாது. நானா வேணாம்னு சொன்னா அவ உடைஞ்சு போயிடுவா. அவகிட்ட சொல்லிடாதம்மா.”

நர்ஸ் கை கழுவ வெளியே வந்தாள். மாடிப்படியில் உட்கார்ந்து மனைவி போனில் விம்மிக்கொண்டிருந்தாள்.

“திறந்துடுச்சுடி. உங்கப்பா படற பாட்டைப் பார்க்க முடியல. இன்னிக்காவது அவருக்கு விடுதலை கிடைக்கும்னு நெனச்சேன். எனக்காகத்தான் உசிரைப் பிடிச்சுக்கிட்டிருக்காரு. அவர்கிட்ட போய், போதும்னு எந்த வாயால சொல்லுவேன்?”

நர்ஸைக் கண்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள்.

“பார்த்தீங்களா, திறந்துடுச்சு!”

“ஆமா, நல்லவேளை” என்று பெரியவர் சிரித்தார்.