ஜெயிலுக்கு ஒரு முதலாளி

அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் இனி டிரைவருக்கு அபராதம் இல்லை, லாரி முதலாளிக்கே ஜெயில். மெட்ராஸில் இப்படியொரு சட்டம் வரப்போகிறதாம்.

சிதம்பரம் டீக்கடையில் இதைக் கேட்ட லாரி முதலாளி தெய்வசிகாமணி மறுநாளே டிரைவர் பூவராகனைக் கடலூர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு இழுத்துப் போனார்.

"லாரிய உம் பேருக்கு மாத்துறேன்டா. பேருக்குத்தான் நீ மொதலாளி."

"மாட்டுனா நானில்ல ஜெயிலுக்குப் போவணும்?"

"இத்தினி வருசம் சோறு போட்டவனுக்கு இதுகூட செய்ய மாட்டியா?"

பூவராகன் தலையைச் சொறிந்துகொண்டே கையெழுத்துப் போட்டான். முதலாளி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். போன வருஷம் அதிக பாரத்தால் லாரி கவிழ்ந்து, கிளீனராக இருந்த இவன் தம்பி செத்தபோதும், "டிரைவர்தான் ஜாஸ்தி ஏத்திட்டான்" என்று பழியை இவன் தலையில்தான் கட்டினார்.

வேலை முடிந்ததும், வேர்க்கடலை லோடு எடுக்க லாரியில் ஏறப்போனார். "கெளம்பு, மல்லாட்ட மூட்ட ஏத்தணும்."

பூவராகன் உள்ளிருந்து கதவைச் சாத்தினான். "இது என் லாரி. நீங்க பஸ்ஸுல போங்க."

"டேய்! சட்டம் வரட்டும், நீதான் கம்பி எண்ணுவ!"

"எந்தச் சட்டம்? டீக்கடையில அதக் கட்டிவிட்டதே நான்தான்." பூவராகன் வண்டியைக் கிளப்பினான். "அப்பிடி ஒண்ணு நெசமா இருந்திருந்தா, எந்தம்பி இன்னைக்கி உசுரோட இருந்திருப்பான்."