முகம் தெரியாத வாடிக்கையாளர்கள்

"எங்க பேரு முன்னாடி, உங்க பேரு பின்னாடி. சரின்னா சொல்லுங்க, இப்பவே கையெழுத்து போடறேன்" என்றார் தோங்ஹுன், சூப்புச் சட்டியிலிருந்து ஓர் எலும்பை எடுத்தபடி.

"அதெப்படி? எங்ககிட்டதான் வாடிக்கையாளருங்க அதிகம்" என்றார் எதிரே உட்கார்ந்திருந்த ஹேரின்.

இருவரும் சியோலில், இணையத்தில் பணப் பரிமாற்றத்தைப் பதியும் பிளாக்செயினை ஆளுக்கொன்று நடத்துகிறவர்கள். இரண்டிலும் ஒரே வித்தைதான். யார், யாருக்கு, எவ்வளவு அனுப்பினார்கள் என்பதைக் காட்டாமலே, நடந்தது அத்தனையும் சரி என்று சான்று கொடுத்துவிடும். அந்தச் சான்றை எல்லோரும் நம்பும் பெரிய செயின் ஒன்றில் பதிவதற்கான கட்டணம்தான் கழுத்தை நெரித்தது. இருவரும் சேர்ந்து ஒரே பொதுத் தளம் வழியாகப் பதிந்தால் கட்டணம் குறைந்து பிழைக்கலாம். இல்லாவிட்டால் முதலீட்டாளர்கள் கையை விரித்துவிடுவார்கள். இரண்டு ஆபீசுக்கும் பூட்டுதான்.

எல்லாம் பேசி முடித்தாயிற்று. தளத்துக்கு வைக்கும் பெயரில் யார் பெயர் முதலில் என்பதில்தான் இழுபறி.

"உங்ககிட்ட ஆளு அதிகம்னு எப்படி நம்பறது? யாரு யாருன்னு காட்டுங்க பார்ப்போம்."

"எங்களுக்கே தெரியாது. அதுதானே நம்ம தொழிலே! ஏன், உங்க ஆளுங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"சத்தியமாத் தெரியாது" என்றார் தோங்ஹுன் பெருமையாக. "ஆனா ராப்பகலா மொய்க்கறாங்க."

"நாங்க மட்டும் என்ன, ஈயா ஓட்டறோம்?"

சூப்பு ஆறிக்கொண்டிருந்தது. தோங்ஹுன் கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"சரி, நீங்க எந்த வருஷம் பிறந்தீங்க?"

ஹேரின் சொன்னார். தோங்ஹுனின் முகம் தொங்கிவிட்டது. ஒரு வயது மூத்தவர். கொரிய வழக்கப்படி, மூத்தவரிடம் இனி வாதாடினால் நாலு பேர் காறித் துப்புவார்கள். வேறு வழியில்லாமல், பாட்டிலை மரியாதையாக இரண்டு கையாலும் பிடித்து ஹேரினின் கோப்பையில் சோஜூ மதுவை ஊற்றினார்.

"உங்க பேரே முன்னாடி இருக்கட்டும்... அக்கா."

அக்கா என்ற சொல் வேலை செய்தது. ஹேரின் சட்டியைத் துழாவி, இருப்பதிலேயே சதைப்பற்றான எலும்பை எடுத்து அவர் தட்டில் வைத்தார். "சாப்பிடு தம்பி. உன்னையா இத்தனை நாளா கரிச்சுக் கொட்டினேன்! இனிமே நாம ஒரே குடும்பம்."

தோங்ஹுன் கையெழுத்து போட்ட கையோடு வாசலுக்கு வந்து, தன் ஆபீசில் இருந்த உதவியாள் பியோவைப் போனில் பிடித்தார்.

"டேய், பின்னறையில ஓடற செல்போன் எல்லாத்தையும் நிறுத்து."

"எல்லாத்தையுமா? அண்ணே, ஹேரின் செயின்ல தினமும் வந்துபோற ஆளுங்களுக்கு இலவசமா காயின் தரப்போறாங்க. அதுக்குத்தானே ஆயிரக்கணக்குல போலிப் பேரு வச்சு ஓட்டிக்கிட்டிருக்கோம்! இப்ப விட்டா அத்தனையும் வீணாயிடும்ணே."

"தெரியும்டா. அப்ப அவங்க எதிரி, இப்ப எனக்கு அக்கா. அக்கா வீட்டுலயே கன்னம் வைக்கச் சொல்றியா? நிறுத்துடா!"

பாவம் தொலைந்த நிம்மதியில் தோங்ஹுன் அன்று நன்றாகத் தூங்கினார். மறுநாள் காலை பொதுத் தளம் திறந்தது. இரண்டு செயின்களும் முதல்முறையாக ஒரே திரையில் தெரிந்தன.

ஹேரினின் செயினில் ஈ காக்கை இல்லை. தோங்ஹுனுக்குப் பகீரென்றது. அடக் கடவுளே, அவ்வளவு கூட்டமும் நாம் அனுப்பியதுதானா! அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பது?

பிறகுதான் திரையின் மறுபக்கம் பார்த்தார். தன்னுடைய செயினும் காலியாகக் கிடந்தது.

போன் அடித்தது.

"தம்பி" என்ற ஹேரினின் குரல் கம்மியிருந்தது. "உன்னைத் தம்பின்னு கூப்பிட்டதுக்கு அப்புறம் மனசு கேக்கலை. உன் செயின்ல நாங்க விட்டிருந்த போலி ஆளுங்களை எல்லாம் நேத்தே நிறுத்தச் சொல்லிட்டேன். அது சரி, உன்னோட நிஜ வாடிக்கையாளருங்க எங்கப்பா?"