ரொக்கம் மட்டும்

மூன்றாவது ஏடிஎம்மும் கார்டைத் துப்பியது.

லைன்மேன் அதைச் சட்டை நுனியில் தேய்த்து இன்னொரு முறை செருகிப் பார்த்தார். ஓய்வு பெற்ற பிறகும் எல்லோருக்கும் அவர் லைன்மேன்தான். மின்கம்பத்தில் ஏறி எத்தனையோ தெருவுக்கு வெளிச்சம் கொடுத்தவருக்கு, இந்தப் பெட்டி மசியவில்லை.

வெளிநாட்டில் கார்டு ஓட வேண்டுமென்றால் போனில் ஓடிபி வர வேண்டுமாம். அது வந்து விழ வேண்டிய சிம், விமானம் இறங்கியதிலிருந்து செத்துக் கிடந்தது.

கோர்ட்டில் கட்ட வேண்டிய அபராதத்துக்கு டாலர். தங்க, சாப்பிட, வண்டிக்குக் கொடுக்க கார்டு. அவரும் மனைவியும் அப்படித்தான் கணக்குப் போட்டு வந்திருந்தார்கள்.

“விடுங்க. இருக்கறத மாத்துவோம். ரூம் வேணாம், ஏர்போர்ட்லயே உக்காந்துக்கலாம்” என்றாள் மனைவி.

அவள் உள்பாவாடையில் ஒரு பை வைத்துத் தைத்து டாலரைக் கொண்டுவந்திருந்தாள். விமானத்தில் கண் மூடவில்லை. ஒரு கை இடுப்பிலேயே இருந்தது.

டாக்சிக்காரருக்குத் தமிழ் தெரிந்திருந்தது ஒன்றுதான் காலையிலிருந்து நடந்த நல்லது. பணம் மாற்றும் கடைக்கு அவர்தான் கூட்டிப்போனார்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஆள் ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், எக்ஸ்ரே பார்க்கிற டாக்டர் மாதிரி. சிலவற்றைத் தனியே ஒதுக்கி, திரும்பத் தள்ளிவிட்டார்.

மடிப்பு விழுந்திருக்கிறதாம். ஈரம் பட்டிருக்கிறதாம். செல்லாது.

நோட்டுகள் அவள் இடுப்பின் வளைவுக்கே வளைந்திருந்தன. அவள் அவற்றைத் தொடைமேல் வைத்து, உள்ளங்கையால் நீவிக்கொண்டே இருந்தாள். வியர்வைக்கு யார் என்ன செய்ய முடியும் என்று லைன்மேன் சொல்ல நினைத்தார்.

இரண்டு தெரு தள்ளி ஒரு செல்போன் கடைக்காரர் அந்த நோட்டுகளை வாங்கிக்கொண்டார். குறைத்துத்தான் கொடுத்தார். பிய்ந்த செருப்பைத் தைக்கக்கூடப் பேரம் பேசுகிற லைன்மேன், கொடுத்ததை வாங்கி எண்ணாமல் மனைவியிடம் நீட்டினார்.

அந்தப் பணம் கம்பெனியிலிருந்து வந்த நாள் முதல் அவர் அதை எண்ணியதில்லை. பேங்கில் கிடந்தவரை அதைப் பற்றிப் பேசியதும் இல்லை.

கோர்ட்டு ஆபீசில் கவுண்டர் மூடப்போகிற நேரம். எண்ணுகிற மெஷின் நடுவில் இரண்டு முறை நின்றது. ஒவ்வொரு முறையும் அந்த அதிகாரி நோட்டுகளைத் தட்டி, விசிறி, மறுபடி வைத்தார். மனைவி அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

சரியாக இருந்தது. முத்திரை குத்தி, பக்கத்துச் சிறையின் கேட்டைக் கையால் காட்டினார்கள்.

டாக்சிக்காரரும் கூட வந்தார். போகலாம் என்று சொல்லியும் போகவில்லை.

சிறையின் அந்தச் சுவரோரம் நிழலே இல்லை. மனைவி பையிலிருந்து ஒரு புதுச் சட்டையை எடுத்தாள். கிளம்புவதற்கு முந்தின நாள் வாங்கியது. கடைக்காரர் அளவு கேட்டபோது அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒல்லியாகத்தான் இருப்பான் என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

கேட்டுக்குள் இருந்த சின்னக் கதவு திறந்தது.

வெளியே வந்த பையனின் காலில் யாருடையதோ பெரிய செருப்பு. இவர்களைப் பார்த்ததும் நின்றுவிட்டான். அப்படியே சுவரோடு ஒட்டிக்கொண்டு தலையைக் குனிந்தான். தோள் மட்டும் குலுங்கியது.

லைன்மேனும் நின்ற இடத்திலேயே நின்றார். அவனைப் பார்த்ததும் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைச் சேர்த்து வைத்திருந்தார். ஒரு சொல்லும் நினைவில் இல்லை.

டாக்சிக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பயந்துபோயிருக்கான்மா. பெத்தவங்க நீங்கதான் மொதல்ல போய்க் கூப்பிடணும்.”

மனைவி சட்டைக் காலரில் குத்தியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

“எங்க பையன் இல்லப்பா. இவனைப் பெத்தவளுக்கு டிக்கெட் எடுக்கவே வழியில்ல. அதான் நாங்க வந்தோம்.”

கடைசி ஊசியையும் எடுத்து முந்தானையில் குத்திக்கொண்டாள்.

“வண்டிய ஓட்டினது இவன். பின்னாடி உக்காந்து போய், பொட்டியில ஊருக்கு வந்தவன்தான் எங்க பையன்.”

சட்டையை ஒரு உதறு உதறிவிட்டுச் சுவரை நோக்கி நடந்தாள். லைன்மேன் கொஞ்ச நேரம் வெயிலில் நின்றிருந்துவிட்டு, அவள் பின்னாலேயே போனார்.