கை படும் இடம்

"இது யார் வீடு?"

பெரிய மிஸ் வகுப்பறைச் சுவரிலிருந்து அந்தப் புகைப்படத்தைப் பிய்த்தெடுத்தார். ஒட்டியிருந்த டேப்போடு ஒரு துண்டு பச்சை பெயின்டும் உரிந்து வந்தது. பிள்ளையைச் சேர்க்கலாமா என்று பார்க்க வந்திருந்த பெற்றோர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

படத்தில் மூடி உடைந்த சுவிட்ச் பெட்டி. அதிலிருந்து தோல் உரிந்த வயர் தொங்கியது. கை எட்டும் தூரத்தில் சொட்டுகிற குழாய், பின்னால் பாசி பிடித்தது போலப் பச்சையாக ஒரு சுவர்.

புத்தகத்தைப் படித்து மின்சாரம் நடத்தினால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள், தினமும் கை படும் இடங்களை அவர்களையே படம் எடுத்து வரச் சொல்லி நடத்தட்டுமா என்று சயின்ஸ் மிஸ் கேட்டிருந்தாள். பள்ளிக்கு முதல்வரும் முதலாளியுமான பெரிய மிஸ், விளம்பரத்துக்கு ஆகும் என்று தலையாட்டிவிட்டார். அதன் பலன் இப்போது பத்துப் பேர் முன்னால் பல்லிளித்தது.

"ஏம்மா, மாட்டுறதுக்கு வேற படமே கிடைக்கலையா உங்களுக்கு?"

இதைப் பற்றிச் சொல்லத்தான் நாலைந்து தடவை மாடியேறி வந்தேன், நேரமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டீர்கள் என்றாள் சயின்ஸ் மிஸ். பெரிய மிஸ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படம் எடுத்தவளை எழுந்து நிற்கச் சொன்னார்.

கடைசி பெஞ்சில் ஒல்லியாக ஒருத்தி எழுந்தாள். வலது கை விரல்களில் கட்டு.

"கையில என்ன?"

"ஷாக் அடிச்சிருச்சு மிஸ்."

"இந்த இடத்துலயா?"

அவள் தலையை ஆட்டினாள். சயின்ஸ் மிஸ்ஸைப் பார்த்தாள்.

பெரிய மிஸ்ஸுக்கு ரத்தம் தலைக்கேறியது. வீட்டை இந்த லட்சணத்தில் வைத்திருப்பவர்கள் எதற்குப் பிள்ளை பெற்றுக்கொள்கிறார்கள் என்று பெற்றோர்கள் பக்கம் திரும்பிக் கேட்டார். டிரைவர் சட்டை போட்ட ஒரு தகப்பன் ஆமாம் என்று முணுமுணுத்தார். அது பெரிய மிஸ்ஸை இன்னும் ஏற்றிவிட்டது.

"பச்சைப் புள்ள கைய வைக்கிற இடம் இது. இத இப்படிப் போட்டு வெச்சிருக்கிற ஆளப் பிடிச்சு உள்ள தள்ளணும். நானே கம்ப்ளெயின்ட் குடுக்கிறேன்."

"குடுங்க மேடம். நாங்க சாட்சிக்கு வர்றோம்" என்றார் டிரைவர்.

அம்மாவைக் கூட்டி வராமல் வகுப்புக்குள் கால் வைக்கக் கூடாது என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார் பெரிய மிஸ். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு சயின்ஸ் மிஸ் பக்கம் திரும்பினார்.

"நாளைலேர்ந்து நீங்களும் வர வேண்டாம். கணக்கு முடிச்சு வாங்கிட்டுப் போயிடுங்க. போறதுக்கு முன்னாடி இது எந்த வீடுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

சயின்ஸ் மிஸ் கையிலிருந்த சாக்பீஸை மேஜையில் வைத்தாள். இனி பயப்பட அவளிடம் எதுவும் மிச்சமில்லை.

"பொண்ணுங்க பாத்ரூம் மேடம். உங்க ரூமுக்கு நேர் கீழ."